அயல்நாட்டு இல்லமும் அணுவிரதமும்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நிலமும் ஏடுமாக வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் பணிபுரிகின்றனர். சென்ற இடத்திலும் அவர்கள் தம் அறத்தை மறந்தாரில்லை. கடையில் ஒரு ரொட்டி வாங்கினாலும், உறையின்மேல் அச்சிட்டுள்ள பட்டியலை முழுவதும் படித்து, முட்டை சேர்ந்துள்ளதா, விலங்கின் எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ந்துள்ளதா என்று பார்த்த பின்னரே கூடையில் இடுகின்றனர். இது பெருமைக்குரிய செய்தி. அதே இல்லத்தில் தரை துடைத்து, பாத்திரம் துலக்கி, துணி மடித்து, குழந்தையை உறங்கவைக்கும் ஒருவரும் இருக்கின்றார். அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் அதே கவனத்தோடு சோதித்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. உணவில் புகும் இம்சையைத் தேடிக் காணும் கண்ணுக்கு ஊதியத்தில் புகும் இம்சை தென்படுகிறதா என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

பகவானின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. வைசாலி மன்னன் சேடகனின் மகள் சந்தனை. கவர்ந்து செல்லப்பட்ட அவள், உற்றார் எவரும் இல்லாத கௌசாம்பி நகரில் ஒரு வணிகனின் மனையை அடைந்தாள். அவ்வணிகனின் மனைவி அவள்மீது ஐயுற்று, விலங்கிட்டு, வரகுச் சோறும் புளித்த காடியும் கொடுத்து ஒடுக்கிவைத்தாள். அந்நகருக்கு ஆகாரம் ஏற்க எழுந்தருளிய பகவான், விலங்கு பூண்ட அப்பெண்ணின் கையிலிருந்தே உணவை ஏற்றருளினார். பின்னாளில் 36,000 ஆர்யிகையர்க்கு அவளே தலைவியானாள்.

இக்கதையைக் கேட்டு உள்ளம் உருகாதவர் இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். விலங்கிட்டவள் அரக்கியல்லள், செல்வமும் குலமும் உடைய ஓர் இல்லத்தரசி. ஒருத்தியின் உணவு, நேரம், நடமாட்டம் ஆகிய மூன்றும் தன் கையில் இருக்கின்றன, கேட்பார் எவருமில்லை என்ற நிலை அவளை அவ்வாறு செய்யத் தூண்டியது. மொழியும் உறவும் இல்லாத நாட்டில், வேலை செய்யும் வீட்டிற்குள்ளேயே தங்கியிருக்கும் பணிப்பெண்ணின் உணவும் நேரமும் நடமாட்டமும் இன்றும் இல்லத்தாரின் கையில்தான் இருக்கின்றன.

இந்த நிலையில் இல்லறத்தார் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில் தெளிவான அளவுகோல்களைத் தந்துள்ளது. விரதத்தை அடியோடு முறிப்பது ஒன்று. முறிக்காமலேயே பழுதுபடுத்துவது மற்றொன்று. இரண்டாவதை அதிசாரம் என்பர். கொல்லாமைக்குக் கூறப்பட்ட அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாச் சுமையை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கள்ளாமைக்கும் ஐந்து: களவுக்குத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரச நெறிக்கு மாறாக நடத்தல், அளவையைக் குறைத்தும் மிகுத்தும் வைத்தல், போலியைக் கலந்து விற்றல். மிகுபொருள் விரும்பாமைக்கு எல்லை வகுக்கும் பட்டியலில் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் ஆகியவற்றோடு பணியாட்களும் எண்ணப்பட்டுள்ளனர். மூன்று விரதங்கள் ஒரு வேலைக்காரரின் ஊதியத்தைச் சூழ்ந்து நிற்கின்றன என்பது இதனால் விளங்கும்.

முதலில் அளவையைக் காணலாம். ஒரு மரக்காலால் வாங்கி வேறொரு மரக்காலால் விற்கும் வணிகனைச் சமண அறம் கள்வன் வரிசையில் வைக்கிறது. சிங்கப்பூரில் மாதம் 650 வெள்ளி பெறும் பணிப்பெண் ஒருவரை எடுத்துக்கொண்டால், “இந்திய மதிப்பில் 40,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்றே, ஊரில் யார் கொடுப்பார்?” என்று சொல்லுவோர் உளர். அவர் வீட்டைக் காப்பதனால்தான் கணவனும் மனைவியும் அலுவலகம் சென்று வெள்ளியில் ஈட்டுகின்றனர். ஈட்டும்போது வெள்ளிக் கணக்கு, கொடுக்கும்போது ரூபாய்க் கணக்கு என்பது இரண்டு மரக்கால் வைத்திருப்பதே ஆகும்.

ஒரே வேலைக்கு நாட்டுக்கு நாடு வேறு விலை பேசுவதும் அத்தகையதே. பிலிப்பீன்ஸ் அரசு, அயல்நாடு செல்லும் தன் இல்லப் பணியாளர்க்கு மாதம் 400 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டிலேயே வரையறுத்தது. அவ்வாறு காக்க ஆளில்லாத நாட்டிலிருந்து வருபவரிடம் குறைத்துப் பேசுவது சந்தையின் வழக்கம். துடைக்கும் தரையும் தூக்கும் குழந்தையும் ஒன்றாயிருக்க, கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்துக் கூலி மாறுமாயின் அது நேரிய அளவை ஆகாது.

சிங்கப்பூரில் இல்லப் பணியாளர்க்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியம் இல்லை. ஆகவே அங்கு இல்லத்தாரின் மனச்சான்றுக்குப் பொறுப்பு மிகுதி. பணிப்பெண்ணை அமர்த்துவோர் அரசுக்கு மாதந்தோறும் 300 வெள்ளி தீர்வை செலுத்த வேண்டும்; சிறு குழந்தையோ முதியவரோ உள்ள இல்லத்திற்குச் சலுகையாக 60 வெள்ளி. பிணைத்தொகை, காப்பீடு, முகவர் கட்டணம் ஆகியனவும் உண்டு. இவை அனைத்தையும் கூட்டி, “இவ்வளவு செலவாகிறதே, சம்பளத்தை எவ்வாறு உயர்த்துவது?” என்று கேட்பது இயல்பு. ஆனால் தீர்வையில் ஒரு காசும் அப்பெண்ணின் கைக்குச் செல்வதில்லை. அவரோ, வேலைக்கு வருவதற்காகப் பட்ட கடனுக்குத் தொடக்க மாதங்களின் ஊதியத்தில் பெரும்பகுதியை இழக்கின்றார். இரு தரப்புச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் ஊதியம் நேர்மையானதா என்பது புலப்படும்.

அடுத்தது சுமை. 2013 சனவரி முதல் நாளிலிருந்து சிங்கப்பூரில் இல்லப் பணியாளர்க்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமாயிற்று. பணியாளர் உடன்பட்டால் அந்நாளில் வேலை வாங்கி அதற்குக் கூலி கொடுக்கலாம். 2023 சனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடுசெய்யாமல் ஓய்வாகவே விட்டாக வேண்டும். ஒரு நாட்கூலியைக் கணக்கிட மாத ஊதியத்தை 26-ஆல் வகுக்க வேண்டும் என்பது அந்நாட்டு மனிதவள அமைச்சின் முறை. மாதம் 650 வெள்ளியாயின் ஒரு நாளுக்கு 25 வெள்ளி. ஓய்வு நாளில் வேலை வாங்கிவிட்டு இந்த 25 வெள்ளியை மறந்துவிடுவது சிறு மறதியாகத் தோன்றும். ஆண்டில் அத்தகைய ஞாயிறு நாற்பது சேர்ந்தால் அது 1,000 வெள்ளி; ஒன்றரை மாத ஊதியத்திற்கு மேல்.

ஊரிலிருந்து பெற்றோர் மூன்று மாதம் தங்கச் செல்கின்றனர். பேரக்குழந்தையைக் காணும் மகிழ்ச்சியில் வீடு நிறைகின்றது. துவைக்கும் துணியும் சமைக்கும் அளவும் இரட்டிக்கின்றன. விருந்தினர் வந்து போகின்றனர். பணிப்பெண் படுக்கும் நேரம் பத்து மணியிலிருந்து நள்ளிரவுக்குத் தள்ளிப்போகின்றது. ஊதியம் மட்டும் அசைவதில்லை. அதிபாராரோபணம் என்று சூத்திரம் சொல்வதை மாட்டு வண்டியில் ஏற்றும் மூட்டையாக மட்டும் எண்ணிவிடலாகாது. அங்குச் சென்று தங்கும் பெற்றோரே தம் பிள்ளைகளிடம், “எங்களால் கூடிய வேலைக்கு அவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டால், அது பேரனுக்குச் சொல்லும் எந்த நீதிக்கதையினும் மேலான பாடம்.

சமண இல்லங்கள் தனியே சிந்திக்க வேண்டியது உணவு. அங்கு ஊனும் முட்டையும் நுழைவதில்லை. வெங்காயம், பூண்டு, கிழங்கு விலக்கும் இல்லங்களும் உண்டு. கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்போர் உளர். பணிப்பெண்ணோ மீனும் சோறும் உண்டு வளர்ந்த இந்தோனேசியராகவோ மியான்மர் நாட்டவராகவோ இருக்கின்றார். அவரை ஊனுணவு சமைக்கச் செய்யாத உரிமை இல்லத்தார்க்கு உண்டு. வீட்டிற்குள் அதனைக் கொண்டுவர வேண்டா என்று வேலைக்கு அமர்த்தும் முன்னரே சொல்லிவிடுவதும் நேர்மை. ஆனால் நாள் முழுவதும் உடலால் உழைப்பவர்க்கு வயிறு நிறைய மூன்று வேளை உணவு கொடுப்பது கடமை. மாலை ஆறு மணிக்கு உண்டவர் இரவு பத்து மணிவரை வேலை செய்தால் பசிக்கும். அவருக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் பழமும் தனியே எடுத்துச் சமைத்துக்கொள்ள இசைவு தருவதும், ஓய்வு நாளில் வெளியே தாம் விரும்பியதை உண்ண உணவுப் பணம் தருவதும் விரதத்திற்கு ஊறு செய்யா. தசலட்சண நாட்களில் இல்லத்தார் உபவாசம் இருக்கலாம். அடுப்பு எரியாத காரணத்தால் வேலைக்காரரும் பட்டினி கிடக்க நேருமாயின், அது அவருடைய தவமாகாது. தானே விரும்பி ஏற்காத நோன்பு, உணவு மறுத்தல் என்னும் அதிசாரமே ஆகும்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கு வீட்டோடு தங்கும் பணியாளர் அரியர். மணிக்கணக்கில் வந்து துப்புரவு செய்வோரும் குழந்தையைப் பார்த்துக்கொள்வோருமே மிகுதி. அந்நாட்டின் நியாயமான ஊதியச் சட்டம் 1938-இல் இயற்றப்பட்டபோது இல்லப் பணியாளர் அதில் இடம்பெறவில்லை. 36 ஆண்டுகள் கழித்து 1974-இல்தான் சேர்க்கப்பட்டனர். நாடு முழுமைக்குமான குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், பல மாநிலங்களில் அதனினும் மிகுதி. வீட்டு வேலைக்கென்றே நியூயார்க் மாநிலம் 2010-இல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி, வாரம் ஒரு நாள் ஓய்வும், ஓராண்டு பணி செய்தவர்க்கு ஊதியத்துடன் மூன்று நாள் விடுப்பும் வழங்கியது.

அங்கு உள்ள சோதனை கைப்பணமாகக் கொடுத்தல். வீட்டாரின் கட்டளைப்படி நாள்தோறும் வந்து குழந்தையைப் பேணும் ஒருவர் சட்டத்தின் பார்வையில் ஊழியர். ஆண்டு ஊதியம் குறித்த வரம்பைத் தாண்டினால், சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்திற்குமாக ஊதியத்தில் 7.65 விழுக்காட்டை அவரும் அதே அளவை வீட்டாரும் செலுத்த வேண்டும். கணக்கில் காட்டாமல் கைப்பணமாகக் கொடுத்தால் இருவர்க்கும் அன்றைக்கு ஆதாயம்போலத் தோன்றும். ஆனால் அந்நாட்டில் முதுமைக்கால ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு வேலை கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஆண்டுகள் அவர் முதுமையில் இல்லாத ஆண்டுகளாகிவிடும். அரச நெறிக்கு மாறாக நடத்தல் என்ற அதிசாரத்தை வரி ஏய்க்கும் வணிகனுக்கு மட்டும் உரியதாக எண்ணியிருந்தோர், தம் இல்லத்துச் சமையலறைக்குள்ளும் அது நுழைவதை இங்கே காணலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திருமணத்திற்கோ தேர்த்திருவிழாவிற்கோ ஒரு மாதம் ஊருக்கு வருவோர், துப்புரவுப் பணியாளரிடம் “இம்மாதம் வர வேண்டா” என்று சொல்லிவிட்டு வருகின்றனர். கூலியும் நின்றுவிடுகின்றது. அவருடைய வீட்டு வாடகை நிற்பதில்லை. விமானச் சீட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடுவோர், அந்நாட்களின் கூலியில் ஒரு பகுதியையேனும் கொடுத்துவிட்டு வருவதும், முன்கூட்டியே சொல்லி அவர் வேறு வேலை தேடிக்கொள்ள வழிவிடுவதும் தக்கன.

வளைகுடா நாடுகளில் நிலவும் முறை சந்தனையின் விலங்கை நேரே நினைவூட்டுவது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பெண்களும் அங்கு வீட்டு வேலைக்குச் செல்கின்றனர். கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும், “கடைசியில் மொத்தமாகத் தருகிறோம்” என்று ஊதியத்தை நிறுத்திவைப்பதும் அங்கு நெடுங்காலம் நிகழ்ந்த கொடுமைகள். சட்டங்கள் மெல்ல மாறி வருகின்றன. குவைத் 2015-இல் இல்லப் பணியாளர்க்கெனத் தனிச்சட்டம் கொணர்ந்து, வார ஓய்வும் ஊதியத்துடன் ஆண்டு விடுப்பும் பணி முடிவில் ஈட்டுத்தொகையும் வகுத்தது. கத்தாரில் 2021 மார்ச்சு முதல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,000 ரியால்; உணவு தராவிடில் 300 ரியாலும் உறைவிடம் தராவிடில் 500 ரியாலும் கூடுதலாகத் தர வேண்டும். இல்லப் பணியாளரும் இதில் அடங்குவர். சட்டம் ஏட்டில் இருந்தாலும் பூட்டிய கதவுக்குள் அதனை நடத்துவது அவ்வீட்டாரின் கை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 சூன் 16 அன்று செனீவாவில் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை இவை அனைத்தையும் ஒருங்கே கூறுகின்றது. வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, மாதம் ஒருமுறையேனும் தவறாது ஊதியம், கடவுச்சீட்டைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியன அதன் முதன்மைக் கூறுகள். உலகில் ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட இல்லப் பணியாளர் உள்ளனர் என்பதும், அவர்களுள் நான்கில் மூவர் பெண்கள் என்பதும் அவ்வமைப்பின் மதிப்பீடு. இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்தது. எனினும் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. அரசுகள் தயங்கினும் விரதம் ஏற்ற இல்லறத்தார் தயங்க வேண்டுவதில்லை.

இங்கு இரண்டு மறுப்புகள் எழும். “அவரை வேலைக்காரராகவா நடத்துகிறோம்? வீட்டுப் பெண்போல வைத்திருக்கிறோம், பழைய சேலையும் கைப்பேசியும் கொடுத்திருக்கிறோம்” என்பது முதலாவது. அன்பு நல்லது. ஆயினும் வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டு, மாலையில் களைத்தால் படுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அவ்விரண்டும் இல்லாதவர்க்கு உறவுப் பெயர் ஊதியத்திற்கு ஈடாகாது. ஆகாரம், மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் கூலி இடம்பெறவில்லை. கூலி கடன். கடனைத் தீர்த்த பின் கொடுப்பதே தானம் எனப்படும். ஊதியத்தைக் குறைத்துவிட்டுச் சேலை கொடுப்பவர், பிறர் பொருளை எடுத்து அதில் ஒரு பகுதியை அவருக்கே தானம் செய்கின்றார்.

இரண்டாவது மறுப்பு உண்மையான இடர்ப்பாடு உடையது. வீட்டு வாடகை, கல்விக் கடன், குழந்தைக் காப்பகச் செலவு ஆகியவற்றால் இளந்தம்பதியர் திணறுகின்றனர். நியாயமான ஊதியம் தர அவர்களால் இயலவில்லை. அவர்கள் என் செய்வது? இதற்குச் சமண அறம் தரும் விடை தனித்தன்மையுடையது. பணியாட்களையும் பொருள் வரையறைப் பட்டியலில் வைத்ததன் கருத்து இதுவே: பிறர் உழைப்பை நுகர்வதற்கும் எல்லை உண்டு. முழு நாள் ஆளுக்குக் கொடுக்க இயலாவிடில், வாரம் இரண்டு மணி நேரத்திற்கு முழுக் கூலி கொடுத்து வேலை பெறலாம். அதுவும் இயலாவிடில் தத்தம் தட்டைத் தாமே துலக்கலாம். கணவனும் மனைவியும் வேலையைப் பகிரலாம். வேலையைக் குறைத்துக்கொள்வது விரதம். கூலியைக் குறைத்துக்கொண்டு வேலையை முழுவதும் பெறுவது அதன் பழுது.

செய்ய வேண்டுவன கடினமானவை அல்ல. வேலை தொடங்கும் நாளிலேயே நேரம், வேலை, ஊதியம், ஓய்வு நாள் ஆகியவற்றை அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தருதல். அந்நாட்டுச் சட்டம் கூறும் அளவைத் தெரிந்துகொண்டு அதற்குக் கீழே செல்லாதிருத்தல். குறித்த நாளில் அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துதல். ஓய்வு நாள் வேலைக்குத் தனியே கணக்கு வைத்தல். கடவுச்சீட்டை அவரிடமே விடுதல். ஆண்டுதோறும் கேளாமலே ஊதியத்தைச் சீர்தூக்கி உயர்த்துதல். தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோர்க்கும் இதில் பங்கு உண்டு. தொலைபேசியில் “சாப்பிட்டாயா? கோயிலுக்குப் போனாயா?” என்று கேட்பதோடு, “வேலை செய்பவருக்குச் சம்பளம் கொடுத்தாயிற்றா?” என்றும் கேட்கலாம். அவ்வாறு கேட்பவர், தம் வீட்டு வாயிலில் காலையில் பெருக்க வருபவரின் ஊதியத்தையும் ஒருமுறை எண்ணிப்பார்ப்பர்.

தசலட்சண பருவத்தின் நிறைவில் சமண இல்லங்கள் அனைத்துயிர்களிடமும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றன. அயல்நாட்டில் உள்ள பிள்ளைகளும் அன்று உறவினர் அனைவர்க்கும் செய்தி அனுப்புகின்றனர். அனைத்துயிர்களுள் மிக அருகில் நிற்பவர் அவ்வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்குபவரே. அவருக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மன்னிப்பு நிறைவு பெறாது. முதலில் கணக்கைத் தீர்த்து, பின்னர் கைகூப்புவோமாயின் அவ்வேண்டுதல் பொருளுடையதாகும்.

அருகன் அறம் வளர்க. எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.